அப்பு பூட்டிவைத்த சப்பாத்து

நூரளை என்கிற நுவரெலியாவுக்குப் போன வருஷம் வந்த கெட்ட பெயருக்கு முத்துலிங்கம் எந்த விதத்திலும் காரணமில்லை. இந்த வருஷம் வர இருந்த கெட்ட பெயருக்கு முழுக்க முழுக்க அவர்தான் காரணம். இதை அவரே சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

போன வருஷ ஏப்ரல் சீசனில், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவர்களின் சாமான்கள் விடுதி விடுதியாகக் காணாமல் போயின. ஒரு அம்மாவின் கம்பளிக் கோட்டு, ஒரு டாக்டரின் கைக்கடிகாரம், கடைசியில் ஒரு கிராமபோன். அந்தக் குளிரில் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு மேடேறியவனுக்குப் பாட்டுப் பைத்தியம் முற்றிப்போயிருக்க வேண்டும். கொழும்புப் பத்திரிகை ஒன்று, "நுவரெலியாவுக்கு வெறுங்கையோடு போங்கள், எப்படியும் அப்படித்தான் திரும்புவீர்கள்" என்று எழுதிவிட்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஊருக்கு வந்தது மழை மட்டுமே.

முத்துலிங்கம் ரோஸ் வில்லா விடுதியின் பொறுப்பாளர். சமையல், படுக்கை, கணப்படுப்பு எல்லாம் அவர் கையில். வீட்டுக்காரர் கொழும்பில் இருந்தபடியே, "இந்தச் சீசனும் அறைகள் காலியாகக் கிடந்தால் வீட்டை விற்றுவிடுவேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். விற்றால் முத்துலிங்கமும் மனைவி பூரணியும் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கிருந்து கிளம்பிய அன்று, "இனி இந்த ஒத்தக் காம்பராவுல கால வச்சா என்னை ஏன்னு கேளுங்கடா!" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு வந்தவர் அவர். வாயைச் சும்மா வைத்திருந்தால் திரும்பிப் போவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

ஊரின் பெயரைக் காப்பாற்ற ஒரு கமிட்டி கூடியது. தலைவர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை நல்லமுத்து. அவருக்கு ஏரிக்கரைப் பக்கம் சீசன் வாடகைக்கு விடும் வீடுகள் இருந்தன. கேவலமாக எழுதிய அதே பத்திரிகைக்காரரைக் கூட்டி வந்து உபசரித்து, நல்லபடியாக எழுத வைப்பது என்று முடிவாயிற்று. "எந்த விடுதில தங்க வைக்கலாம்?" என்று நல்லமுத்து கேட்டதும் முத்துலிங்கத்தின் கை தானாக மேலே போயிற்று. மூளை யோசிக்கும் முன்பே கை தூக்குவது அவருக்குப் பிறவிக் குணம்.

பத்திரிகைக்காரர் ராசநாயகம் யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் காலூன்றியவர். வந்து இறங்கியதிலிருந்தே முத்துலிங்கத்தின் கண் அவர் சாமான்கள் மேலேயே இருந்தது. மனிதர் எதையும் ஓரிடத்தில் வைக்கிறவராக இல்லை. கேமரா கூடத்து நாற்காலியில் கிடந்தது, வெள்ளி சிகரெட் பெட்டி ஜன்னலோரம் கிடந்தது, மேல்கோட்டு வராந்தாவில் தொங்கியது. போதாக்குறைக்குப் பளபளவென்ற பழுப்புத் தோல் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உறங்கப் போய்விட்டார்.

'ஐயோ சாமி, இதுல ஒண்ணு போனாலும் நான் லயத்துக்குப் போகணுமே!' என்று முத்துலிங்கம் பதறினார்.

அவர் முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அப்புவாக இருந்தவர். சமையலும் வீட்டு மேற்பார்வையும்தான் அப்புவின் வேலை. அந்த வீட்டுத் துரைசாணி ஒரு சட்டம் வைத்திருந்தாள். துரை படுத்ததும், வெளியே கிடக்கிற எதையும் அப்பு பொறுக்கி இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். கடிகாரம், சப்பாத்து, மிச்சம் வைத்த ஜாம் போத்தல் வரைக்கும். விடிந்ததும் துரை கண் விழிக்குமுன் எடுத்த இடத்தில் திரும்ப வைத்துவிட வேண்டும். துரை ஊருக்குப் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, முத்துலிங்கத்தின் கைக்கு மட்டும் அது தெரியவில்லை. கேமரா, பெட்டி, கோட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் விடுதி அலுமாரியில் அடுக்கிப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு நிம்மதியாகப் படுத்தார். இந்தப் பழக்கம் தெரிந்த பூரணியோ தங்கை மகளின் சடங்குக்குப் பூண்டுலோயா போயிருந்தாள்.

விடியற்காலையில் இன்னொரு ஞானம் பிறந்தது. விருந்தாளிக்கு ஏரி மீன் பொரித்துக் கொடுத்தால் கட்டுரை இன்னும் இனிக்குமே! சாவியை மடியில் வைத்தபடியே மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

போனவர் மீனை வாங்கிக்கொண்டு உடனே திரும்பினாரா? அதுதான் இல்லை. மீன்காரனைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ ஒரு குண்டூசி காணாமப் போகாது பாரு! நானெல்லாம் காவலுக்கு இருக்கேன்ல" என்று அளந்துகொண்டிருந்தார். அப்போது ஏரிப் பக்கமிருந்து பொலிஸ் விசில் கேட்டது.

"அடப் பாவமே, எந்த விடுதியோ!" என்று உச்சுக் கொட்டினார். உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. 'நல்லவேளை, நம்மகிட்ட எல்லாம் பூட்டிக் கெடக்கு, நம்ம விடுதியா இருக்காது.' இதை நினைத்ததற்காக அவர் பின்னால் தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை.

ரோஸ் வில்லா வாசலில் கூட்டம். ராசநாயகம் வெறுங்காலோடு புல்லில் நின்று குளிரில் குதித்துக்கொண்டிருந்தார்.

"என்ரை சப்பாத்தைக் காணேல்லை! கேமராவைக் காணேல்லை! இதுக்கோ என்னை வரச் சொன்னியள்?"

நல்லமுத்து தலைப்பாகை அவிழ்ந்தது தெரியாமல் அவர் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். சமையலறை வாசலில் ஒரு பொலிஸ் சார்ஜன் ஒருவனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தார். பார்த்ததும் முத்துலிங்கத்தின் கையிலிருந்த மீன் கீழே விழுந்தது. அது மூக்கன்.

மூக்கன் முத்துலிங்கத்தோடு அதே லயத்தில் வளர்ந்தவன். தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்து விடுதிக்கு விறகு போடுவான். வந்தால் நேரே அடுப்படிக்குப் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் போவான். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறான். நூரளையில் எது காணாமல் போனாலும் முதலில் லயத்து ஆளைப் பிடிப்பது என்பது எழுதாத சட்டம். அவன் கையில் விறகு கட்டிய சாக்கு வேறு இருந்தது.

"கோ படு?" சாமான் எங்கே என்று சிங்களத்தில் கேட்டு ஓங்கி ஓர் அறை விட்டார் சார்ஜன்.

"சத்தியமா நான் எடுக்கலைங்க ராலாமி! அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே!"

முத்துலிங்கம் மடியைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. வாயைத் திறக்கப் போன நேரம் நல்லமுத்து ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"முத்துலிங்கம், ஒருவகையில இது நல்லதுக்குத்தான்யா. களவு போன கையோட கள்ளனப் புடிச்சாச்சுன்னா ஊருக்குப் பெரிய பேரு. பேப்பர்ல அதத்தான் எழுதப் போறாரு. சாமானும் எங்கயாச்சும் செடிப் பத்தைக்குள்ள கெடச்சிரும்."

"அவன் எடுக்கலைங்க."

"எடுக்கலைன்னா ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. உன் விடுதி தப்பிச்சிரும்ல?"

நல்லமுத்துவுக்கு அலுமாரி விஷயம் தெரியாது. முத்துலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்தும் அவர் நின்றார். 'இப்ப நான்தான் எடுத்தேன்னு சொன்னா, விடுதிக்காரனே கள்ளன்னு எழுதுவான். விடுதி போச்சு. ஒத்தக் காம்பரா. லயமே கூடி நின்னு சிரிக்கும். மூக்கன் நம்ம பய, பொறவு சொல்லி விளங்க வைக்கலாம்.' இத்தனையையும் நினைக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இரண்டாவது அறை விழுகிற நேரம் போதுமாக இருந்தது.

அந்தச் சத்தம் முத்துலிங்கத்தின் காதில்தான் விழுந்தது, ஆனால் சுட்டது அவர் கன்னத்தில்.

"விடுங்க அவன!" என்று அலறிக்கொண்டு ஓடினார். மடியிலிருந்து சாவியை உருவிய வேகத்தில் இடுப்புச் சாரம் அவிழ்ந்தது. ஒரு கையில் சாரமும் ஒரு கையில் சாவியுமாக எல்லாருக்கும் முன்னால் அலுமாரியைத் திறந்தார். கேமரா, பெட்டி, கோட்டு எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. சப்பாத்து புதிதாகப் பாலிஷ் போட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"களவு போயிரக் கூடாதுன்னு நான்தாங்க பூட்டி வச்சேன்" என்றார். "என் மாதிரி மடையன் இந்த மலையில எங்கயும் கெடையாதுங்க ஐயா. என்னப் புடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

ராசநாயகம் சப்பாத்தைப் பார்த்தார், முத்துலிங்கத்தின் கையில் தொங்கிய சாரத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சார்ஜனும் சிரித்தார். நல்லமுத்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கித் திரும்பிப் பார்த்தபோது மூக்கன் அங்கே இல்லை.

அடுத்த ஞாயிறு கட்டுரை வந்தது. "நுவரெலியாவில் கள்ளர் இல்லை. கள்ளரை விடக் கவனமான ஒரு அப்பு இருக்கிறார்" என்று ராசநாயகம் வெளுத்துக் கட்டியிருந்தார். சாரம் அவிழ்ந்ததைக்கூட விடவில்லை. மூக்கனைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

ரோஸ் வில்லா நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லாரும் அப்புவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேண்டுமென்றே சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் விற்கிற பேச்சை விட்டார். நல்லமுத்து, எல்லாம் தன் திட்டம்தான் என்று கமிட்டியில் பேசி மாலை போட்டுக்கொண்டார். பூண்டுலோயாவிலிருந்து திரும்பிய பூரணி கதையைக் கேட்டுவிட்டு, "நான் நாலு நாள் இல்லாமப் போனதுக்கு ஊரையே சிரிக்க வச்சுட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முத்துலிங்கமும் அவளோடு சேர்ந்து சிரித்தார்.

விறகு மட்டும் நாள் கணக்காக வந்தபாடில்லை. அது வந்த அன்று, வாசல் கேட்டுக்கு வெளியிலேயே கட்டை இறக்கும் சத்தம் கேட்டு முத்துலிங்கம் ஓடினார்.

"ஏன்டா மூக்கா அங்கயே போடுற? உள்ள வாடா, தேத்தண்ணி கொதிக்குது."

"வேணாம்ண்ணே." மூக்கன் சாக்கை உதறி மடித்தான். இடது கன்னம் இன்னும் கன்றிப் போயிருந்தது. "ஒண்ணு கேக்கவா?"

"கேளுடா."

"அலுமாரியத் தொறக்க ஏண்ணே அம்புட்டு நேரம்?"

தன்னைத் தானே திட்டிக்கொள்ள ஆயிரம் பேச்சு வைத்திருந்த முத்துலிங்கம் மடியிலிருந்த சாவியைத் தடவினார். மூக்கன் அதைப் பார்த்தான். பிறகு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டான்.

வராந்தாவிலிருந்து ஒரு கொழும்புக் குரல் கூப்பிட்டது. "அப்பு! என்னுடைய சப்பாத்தைப் பூட்டியாச்சா?" உள்ளே எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"பூட்டியாச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, முத்துலிங்கம் குனிந்து விறகைத் தூக்கினார்.