மாடி ஜன்னல்

தையல் கடை அக்கா தினமும் காலையில் கடையைத் திறக்கும்போதே பயந்து பயந்து திரும்பிப் பார்த்தாள். எதிர்மூலையில் ஏழெட்டுக் கறுப்பின இளைஞர்கள், பனைமரம் போல் வளர்ந்தவர்கள், ஒன்றும் வாங்காமல் ஒன்றும் பேசாமல் நின்றார்கள்.

"கடையையே முழுங்குற மாதிரி பாக்குறானுங்கடி. படம் எடுத்துக் குடு. அவங்களை அங்க நிக்க விடாதீங்கன்னு தெருக்காரங்க எல்லாரும் சேர்ந்து போலீஸ்ல சொல்லப் போறோம்," என்றாள் தங்கையிடம்.

தெருக்களைப் படம் பிடிப்பதே தங்கையின் தொழில். கடைக்குள் தொங்கிய துணிகளுக்குப் பின்னே ஒளிந்து, தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸால் முகங்களை மட்டும் எடுத்தாள். வீட்டில் பார்த்தபோது அவளுக்கே திக்கென்றது. இறுகிய தாடை, இமைக்காத கண். அக்கா கேட்ட படமேதான்.

ஆனால் கடைசிப் படத்தில் ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தான். எவன் கண்ணும் கடையில் இல்லை. கடைக்கு மேலே இருந்தது.

மறுநாள் தெருவைக் கடந்து அவர்கள் நடுவே போய் நின்றாள். அப்போதுதான் மாடி தெரிந்தது. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் ஜன்னலில் சின்னச் சின்ன மூக்குகள் சப்பையாக ஒட்டியிருந்தன.

"என் பொண்ணு," என்றான் நாக்கு நீட்டியவன், தட்டுத்தடுமாறி. "என்னைக் காணலன்னா அழுவா. விளையாட ஆரம்பிச்சதும் வேலைக்குப் போயிடுவேன். அவ அழுகை நிக்கிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு வராது."

அவர்களிடமும் காப்பகத்திலும் கேட்டுக்கொண்டு, மாடியேறி, குழந்தைகளின் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தாள். கண்ணாடியில் பிஞ்சுக் கைகள். கீழே, கையாட்டும் அப்பாக்கள்.

அக்கா கேட்ட படத்தையும் இதையும் தையல் மிஷின்மேல் வைத்தாள். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவனே! மேலே அழற சத்தம் தினம் காதுல விழுது. இவங்களோட முடிச்சுப் போடத் தோணலையேடி. நாம மட்டும் என்ன பால்ல குளிச்சா பொறந்தோம்?"

"எனக்கு மட்டும் தோணுச்சாக்கா? நானும் உன் துணிக்குப் பின்னாலதானே ஒளிஞ்சு நின்னேன்."

முதல் படத்தை அக்கா கத்தரியால் நறுக்கினாள். இரண்டாவதைக் கடை வாசலில் ஒட்டினாள். போலீஸுக்குக் கிளம்பி வந்த பக்கத்துக் கடைக்காரர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"அந்த ரெட்டைச் சடை என் பேத்தியாச்சே," என்றவர், திரும்பித் தன் கடைக்கே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மழை. அக்கா தன் பெரிய குடையுடன் தெருவைக் கடந்தாள். நாக்கு நீட்டுகிறவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் குடையை அவன் கையிலேயே திணித்தாள்.

"முகம் மறையாம பிடிப்பா. பிள்ளை தேடுமில்ல?"