பக்கத்து நிரை

"மலையில எம் பக்கத்து நெரையைப் பிடிக்காத. இப்பவே சொல்லிப்புட்டேன்."

"ஏங்க அத்தை?"

"ரெண்டு நெரைக்கும் நடுவுல நிக்கிற தேயிலைச் செடி பொதுச்செடி. ஒம் பக்கத்தை நீ கிள்ளணும், எம் பக்கத்தை நான் கிள்ளணும். கை நீளாம இருக்குமா? அப்புறம் மலைச் சண்டை காம்பராவுக்கு வரும், காம்பராச் சண்டை மலைக்குப் போகும். இருக்கிறதே ஒரு காம்பரா. வேணாந்தாயி."

"சரிங்க அத்தை. நான் அந்தக் கடேசி நெரைக்குப் போயிக்கிறேன்."

லயத்து வரிசை வீடுகளில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில், மூன்று வருடத்துக்கு முந்தி நடந்த பேச்சு இது. ஆனாலும் தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடும் நேரத்தில், காளியாயிக்கு இது ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகத்துக்கு வந்துவிடும். சொன்னது அவள். கேட்டுக்கொண்டு போனது மருமகள் ராக்காயி.

சண்டைக்குப் பயந்து சொன்னதாகத்தான் அன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாகக் காளியாயியின் கையை முந்தின கை அந்த மலையில் கிடையாது. பூண்டுலோயாவிலிருந்து வந்த இந்தப் பெண், முதல் வாரத்திலேயே, பக்கத்து நிரையில் நின்று, மாமியாருக்கு முன்னால் கூடையை நிரப்பிவிட்டுச் சிரித்தாள். வெகுளிச் சிரிப்புத்தான். ஆனால் காளியாயிக்கு அது முள்ளாகக் குத்தியது.

இப்போது காலம் வேறு மாதிரி திரும்பிவிட்டது. போன மழைக்காலத்திலிருந்து காளியாயியின் கண்ணில் பூ விழ ஆரம்பித்திருந்தது. வெயில் நாளில் பரவாயில்லை. மப்பும் மூடுபனியுமாக இருக்கிற நாளில் இளங்கொழுந்து எது, முற்றின இலை எது என்று தெரியாமல் பச்சை எல்லாம் ஒரே பச்சையாகக் கலந்துவிடும். விரல்களுக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். பாதியை அவையே பார்த்துக்கொண்டன. மீதிப் பாதிதான் காட்டிக்கொடுத்தது.

சிவசாமி கங்காணி இரண்டு தடவை அவள் கூடையில் கையை விட்டுத் துழாவி, முற்றின இலைகளை எடுத்து நீட்டிவிட்டார்.

"என்னக்கா, ஒங்க கூடையா இது? மலை பாக்க வர்ற கண்டாக்கு ஐயா பார்த்தா என்னையத்தான் ஏசுவாரு. இன்னொருக்கா இப்பிடி வந்தா, ஒங்க பேரைக் கொழுந்துலேருந்து எடுத்துப் புல்லு வெட்டுக்குத்தான் போடணும்."

புல் வெட்டுவது கேவலமான வேலையில்லை. மற்றவர்கள் வெட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் கொழுந்து மலையை விட்டு இறங்கக் காளியாயிக்கு மனசு வரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் சேதி மறுநாளே கங்காணிக்குப் போய்விடும். மகன் வீரய்யாவிடம் சொன்னால், "நீ வீட்டுல இரும்மா" என்பான். அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் பக்கத்து நிரையில் நம்பிக்கையான ஒரு ஆள். "அது முத்துனது, விடுங்க" என்று காதோடு சொல்ல ஒரு வாய். அந்த வாய் அவள் வீட்டிலேயே இருந்தது. எந்த முகத்தோடு கேட்பது? தினமும் காலையில் கேள்வி தொண்டை வரை வரும். தேத்தண்ணியோடு உள்ளே போய்விடும்.

போதாக்குறைக்கு, அவள் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கி வைத்தால், ராக்காயி அதே அரிசியை வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் புடைப்பாள்.

"பார்த்தியா பேச்சி? நான் புடைச்ச அரிசி இவளுக்கு ஆகலை!" என்று அடுத்த காம்பராப் பேச்சியம்மாவிடம் முறையிடுவாள் காளியாயி.

"ஒன் மருமகளாச்சும் புடைக்கிறா. என் மருமக தின்னவே வர்றா" என்பாள் பேச்சியம்மா.

அப்படியிருக்கும்போதுதான், தலவாக்கலைக் கொட்டகைக்கு ஒரு மாமியார்–மருமகள் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயமே கிளம்பிவிட்டது. வீரய்யா டிக்கட் எடுத்துக் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய்விட்டான். காளியாயியும் ராக்காயியும் ஒரே பெஞ்சில், நடுவில் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்தார்கள். பின் பெஞ்சில் பேச்சியம்மா.

"நல்லாப் பார்த்துக்க அக்கா. எதாச்சும் விட்டுப்போயிருந்தா இதுல படிச்சிக்கலாம்!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ராக்காயியும் சிரித்தாள். காளியாயி முறுக்கை நறுக்கென்று கடித்தாள்.

விளக்கு அணைந்தது. அவளுக்குத் திரை தெரிந்தது. ஆனால் காலைப் பனியில் தெரிகிற மலை மாதிரி வெள்ளையாக ஒரு பரப்பு, அதில் அசைகிற நிழல்கள், அவ்வளவுதான். பேசும்போது கஷ்டமில்லை. அதிகாரக் குரல் மாமியார், அழுகைக் குரல் மருமகள். பேச்சு நின்று வெறும் வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடத்தில்தான் சிக்கல். அப்படி ஒரு இடத்தில் கொட்டகையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும், "அடிப்பாவி!" என்று கூவினார்கள். ஒரு கணம் பிந்திக் காளியாயியும், "பாவி!" என்றாள்.

ராக்காயி திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிறவள் மாதிரி, மெதுவாகச் சொன்னாள்:

"மாமியாக்காரி அடுப்படிக்கு வந்துட்டா... மருமக வச்ச கொழம்பைத் தொறக்குறா... உப்பு ஒறப்பு சரியான்னு தொட்டு நக்கிப் பாக்குறா."

"அதுக்கா இந்தக் கத்துக் கத்துறாளுக?"

"எச்சிக் கையை மறுபடியும் சட்டியில விட்டா கத்தாம என்னங்க அத்தை செய்வாங்க?"

காளியாயி திருப்தியாகத் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் வாத்தியம் மட்டும் கேட்ட இடத்திலெல்லாம் ராக்காயியின் முணுமுணுப்பும் கேட்டது. "படியேறிப் போறா... ஜன்னலைச் சாத்துறா... இது இன்னொரு ரூம்பு." காளியாயிக்குப் படம் பிடித்துப்போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸை விட்டிறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறினார்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது.

"எத்தனை ரூம்பு அந்த வீட்டுல!" என்றாள் காளியாயி. "ஆளுக்கொரு ரூம்பாப் போயி அழுவுறாளுக. நமக்கெல்லாம் கோவிச்சிக்கிட்டுப் போறதுக்கு ஏது எடம்? இஸ்தோப்புக்குத்தான் போவணும். அங்கயும் கோழி கெடக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். "அதெல்லாம் சரிக்கா" என்றாள் பேச்சியம்மா. "ஆனா அந்த மாமியாக்காரி, கொழம்புல ரெண்டு கையாலயும் உப்பை அள்ளிக் கொட்டுனா பாரு! மருமகளுக்குக் கெட்ட பேரு வரணும்னு! எனக்கு எந்திரிச்சிப் போயி அவ மயித்தைப் பிடிக்கணும்னு வந்திச்சு."

காளியாயி நின்றுவிட்டாள். "உப்பைக் கொட்டுனாளா?"

"ஏன், நீ பாக்கலையா? தூங்கிட்டியா?"

"அத்தை அந்நேரம் முறுக்கு கடிச்சிக்கிட்டிருந்தாங்க" என்றாள் ராக்காயி சட்டென்று. "குனிஞ்சிருந்தாங்க. வாங்க அத்தை, இந்த எடத்துல கல்லு வழுக்கும்."

அவள் அத்தையின் கையைப் பிடிக்கவில்லை. அரை அடி முன்னால், தன் காலடியைப் பார்த்து அத்தை கால் வைக்கும்படியாக மெல்ல நடந்தாள். காளியாயி அந்தக் காலடியிலேயே தன் காலை வைத்து வைத்து ஏறினாள். ஏற ஏற மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இவளுக்குத் தெரியும். இன்றைக்கில்லை, ரொம்ப நாளாகவே தெரியும். மறுபடி புடைத்த அரிசி குத்திக்காட்டப் புடைத்ததல்ல. அந்தச் சோற்றில் ஒரு நாள்கூட வீரய்யாவின் பல்லில் கல் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் அவன் கேட்டிருப்பான். கேட்டிருந்தால் கண்ணின் கதை வெளியே வந்திருக்கும். உப்பைக் கொட்டுகிற மாமியாரைக்கூட இவள் அத்தையின் காதுக்கு உப்புப் பார்க்கிற மாமியாராக மாற்றித் தந்திருக்கிறாள்.

'நான்தான் குருடி. அது கண்ணில் பூ விழுவதற்கு முந்தியே' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோது, ஆச்சரியமாக, மனசு கனக்கவில்லை. லேசாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் ராக்காயி அடுப்பு மூட்டினாள். வீரய்யா அடுத்த காம்பரா வாசலில் படக்கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். காளியாயி வழக்கம்போல அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கினாள். முடித்ததும் சுளகைக் கீழே வைக்கவில்லை. மருமகளிடம் நீட்டினாள்.

"இந்தா. நீயும் ஒருக்காப் பாரு."

ராக்காயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். பிறகு சுளகை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தாள். இரண்டு கற்களை எடுத்து அடுப்போரம் வைத்தாள்.

"ரெண்டுதாங்க அத்தை இருந்திச்சு."

"முந்தியெல்லாம் எத்தனை இருக்கும்?"

"அது... ஒரு நாளைக்கு அஞ்சு, ஒரு நாளைக்கு எட்டு."

"எட்டா! சொல்லியிருக்கலாம்ல, கழுதை?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்ல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அடுப்பு பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மருமகளின் முகம் ஓரளவு தெளிவாகவே தெரிந்தது. இந்தத் தடவை வார்த்தையை விழுங்கப் பக்கத்தில் தேத்தண்ணி இல்லை. காளியாயி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ராக்காயி, நான் அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்ல, மலையில..."

"ஆமாங்க அத்தை."

"அதை நீ மறந்துடு. நாளைக்குப் பெரட்டுல கங்காணி பேர் கூப்பிட்டதும், எம் பக்கத்து நெரையை நீ பிடிச்சிக்க, தாயி."