எழுபதுக்கு ஒன்று குறைவு

கேன்டீன் அக்கா கொதிக்கும் எண்ணெயில் வறுவலைப் புரட்டியபடி ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மறைப்புத் துணிக்குள் ஒவ்வொருத்தியாகப் போய் வந்தார்கள். உள்ளே உயரம், எடை, வயிற்றுச் சுற்றளவு. அவள் மகள் பதினோராவதாக நின்றாள்.

காலையில்தான் கேன்டீன் குத்தகைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மிஞ்சுறதெல்லாம் குப்பைக்குத்தான் போகணும். எம் புள்ளைக்குன்னு எவளாவது எடுத்துட்டுப் போனா அன்னைக்கே வேலை காலி. இன்னைக்கு அளக்குறாங்கல்ல, யாரு வீட்டுப் புள்ள ஊதிக் கெடக்குன்னு தெரிஞ்சிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த ஆளின் சிரிப்பை நம்பினால் கெட்டோம். போன மாதம் பாத்திரம் கழுவுகிறவளை நிறுத்தியதும் இதே சிரிப்போடுதான்.

இரண்டு வருஷமாக அந்த மிச்சம்தான் மகளுக்கு ராத்திரிச் சாப்பாடு. இங்கே எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அடுப்பு மூட்டத் தெம்பிருக்காது. அதனால் மணியடிப்பதற்கு முன்பே மகளைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போய்ச் சொல்லி வைத்திருந்தாள்.

"டேப்ப வைக்கும்போது வயித்த நல்லா எக்கிக்க. மூச்ச விட்டுடாத."

"எக்குனா வலிக்குதும்மா."

"எக்குடின்னா எக்கு."

சுகாதாரத் துறையிலிருந்து அளக்க வந்தவள் தொழில் தெரிந்தவள்தான். பிள்ளைகள் எக்குவார்கள் என்று தெரிந்து, ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். பேசினால் மூச்சு வெளியே போகும், அந்த நேரம் டேப்பைப் படிப்பாள். இன்று முந்நூறு பிள்ளைகளை முடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பேச நேரமில்லை. மகளின் உயரம் நூற்று நாற்பது சென்டிமீட்டர். சுற்றளவு அதில் பாதியை, அதாவது எழுபதைத் தொட்டால் பெயர் பட்டியலுக்குப் போகும். டேப் அறுபத்தொன்பதில் நின்றது.

"அடுத்தது."

மத்தியானம் வேன் வந்தது. பட்டியலில் இருந்த பதினான்கு பேருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, இருதய ஸ்கேன், எல்லாம் இலவசம் என்று டீச்சர் வாசித்தபோதுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. மகள் ஒரு மாடி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக நாள் தள்ளிக்கொண்டு வந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாகிவிட்டது.

கையைக்கூடத் துடைக்காமல் மகளை இழுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள். அளப்பவள் வேன் கதவருகே நின்றாள்.

"மேடம், இவள இன்னொரு தடவ அளங்க. நான்தான் எக்கச் சொன்னேன்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

குத்தகைக்காரர் டிரைவருக்கு டீயை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"கேன்டீன் மிச்சத்தப் போட்டுத்தான் வளக்கிறேன். தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"அப்படியா சேதி," என்றார் அவர். "ஏப்ரனக் கழட்டி வச்சிட்டுக் கெளம்பும்மா."

அளப்பவள் குனிந்து மகளின் காலரை விலக்கினாள். பின்கழுத்தில் கறுப்பாகப் பட்டை படர்ந்திருந்தது.

"தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்குறேன் மேடம், அந்த அழுக்கு போகவே மாட்டேங்குது."

"அது அழுக்கு இல்லக்கா. சர்க்கரை வரலாம்னு காட்டுற அடையாளம்." அவள் குரல் இறங்கியது. "ஆனா நம்பர கம்ப்யூட்டர்ல ஏத்தி லிஸ்ட்ட மூடிட்டாங்க. என்னால திருத்த முடியாது. கழுத்தக் காட்டியும் லிஸ்ட்ல சேக்க முடியாது, சுத்தளவு மட்டும்தான் கணக்கு. அடுத்த வருஷம் வருவோம்."

"படியேறவே முடியல மேடம் அவளுக்கு."

அளப்பவள் வேனில் ஏறினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அக்கா மகளை ஜன்னலுக்கு நேராகத் தள்ளி நிறுத்தினாள்.

"எக்காதடி. வயித்த விடு. நல்லா விட்டுக் காட்டு."

மகள் இரண்டு கைகளையும் தூக்கி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். வேன் கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பியது.

அவள் கையை இறக்கவில்லை.

"இப்ப சரியா நிக்கிறேனாம்மா?"