பதினொன்றும் பூஜ்யமும்

ஓசூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் நான்கு வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள் நான். ஒரு பீஸ் மயிரிழை பிசகினாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். அந்த வேலையை விட்டுவிட்டு அறிவியல் நிருபராகப் போகிறேன் என்றதும் அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "பேப்பர்ல பேராச்சும் வருமா?" என்றார்.

வருவதாகத்தான் இருந்தது, ஞாயிறு இணைப்பில். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகி வயலில் தேனீ இரைச்சலைப் போட்டு யானையை விரட்டும் ஒரு பெட்டியைப் பற்றிய கட்டுரை. பெட்டி வைப்பதற்கு முந்தைய மாதம் யானை வந்தது பதினொரு முறை. வைத்த பிறகு ஒருமுறைகூட இல்லை. பெங்களூரு ஆராய்ச்சியாளர் அட்டவணையே அனுப்பியிருந்தார். வயல்காரி சரசம்மாவிடமும் போனில் கேட்டேன். "இப்ப வர்றதே இல்லம்மா" என்றார். அப்புறமென்ன, எழுதி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் பூபதி, "பிரமாதம், ஒரு போட்டோ மட்டும் வேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். சரசம்மா கூட்டிப்போன மொட்டை வயலில் பெட்டி நின்றது. பக்கத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

"ராகி எங்கக்கா?"

"அறுத்து மாசமாச்சே. மறுநாளுதான் பொட்டியக் கொண்டாந்து நட்டாங்க. பயிரு நிக்கறப்ப வந்தா மிதிச்சிருவாங்கன்னு, அறுத்தப்புறம் வாங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"அப்ப யானை?"

"வெறுங்கொல்லைக்கு எதுக்கு வரும்? கதிரு இருந்தாத்தான வரும்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஆயிரம் வார்த்தையில் எழுதியிருக்கிறேன்! ராகிக் களி தின்று வளர்ந்தவளுக்கு, அறுப்பு எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. வயல் தெரியாமல் பெட்டியை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேனே, அது இன்னும் வெட்கம்.

சரசம்மா கேட்டார்: "பொட்டி இருக்குது, இனிமே பரண்ல காவலுக்குப் போகத் தேவையில்லைன்னு வீட்டுக்காரரு சொல்றாரு. நெசந்தானம்மா?"

வரப்பில் நின்றபடியே பூபதி சாருக்குப் போன் போட்டு, கட்டுரையை நிறுத்திவிடச் சொன்னேன்.

"பக்கம் முடிஞ்சிருச்சு பிரவீனா. உங்க முதல் கட்டுரை. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்காமத்தான் சார் எழுதுனேன்."

பெருமூச்சு விட்டார். "வேற எதையாவது போட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டார். திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை.

"அக்கா, அந்தப் பெட்டி வேலை செய்யுதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அவரைக் காவலுக்குப் போகச் சொல்லுங்க. கதிர் வர்றப்ப நான் திரும்ப வரேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இணைப்பை இரண்டு தடவை புரட்டினார். என் இடத்தில், முடி உதிர்வைத் தடுக்கப் பத்து வழிகள்.

"உம் பேரு எங்க?"

"சிவப்புத் தொட்டியில போயிருச்சுப்பா."

"போட்டது அவங்களா, நீயா?"

"நான்தான்."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அப்பச் சரி. சாப்புட வா."