ஏழாவது சானல்

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போன கரியக்காவை மழைக்காலத்தில் ஒரு லாரி இடித்துக் கொன்றுபோட்டது. மழை விட்டு வெயில் வந்த பிறகும் அவர் செய்த பேட்டரி செல் எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஆய்வு வழிகாட்டி சார், நான், அது. மூவரில் ஒழுங்காக வேலை பார்த்தது அது மட்டும்தான்.

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய செல். உள்ளே ஒரு பக்கம் சோடியத் தகடு. மறுபக்கம், மரத்தூளைக் காற்றுப் படாத உலையில் சுட்டு அக்கா எடுத்த கடினக் கார்பன். சோடியம் அந்தக் கரியின் இடுக்குகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பிறகு வெளியே வரும். எத்தனை நாள் இப்படித் தாங்குகிறது என்று, பல செல்களை ஒன்றாகச் சோதிக்கும் கருவியின் ஏழாவது சானல் அளந்துகொண்டிருந்தது.

சோடியம் பேட்டரிக்கு இந்தக் கரி உழைக்கும் என்பது அக்காவின் கட்சி. "கொஞ்ச நாள்ல உதிர்ந்து கொட்டிடும்மா" என்பது சாரின் கட்சி. இருவரும் டீ குடிப்பதே இந்தச் சண்டைக்குத் தொண்டை நனைக்கத்தான்.

செல்லின் தெம்பு எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கருவி தானே நிறுத்திவிடும். நின்ற செல்லைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அது அக்கா போட்ட சட்டம். "ஏன் செத்துச்சுன்னு பார்க்காம குப்பையில போடறவன் உருப்படவே மாட்டான்" என்பார், என்னை மட்டும் பார்த்து.

செல் தளர ஆரம்பித்தது. பிரித்து, கரி உதிர்ந்திருந்தால் சார் ஜெயித்துவிடுவார். எதிர்த்துப் பேச அக்கா இல்லை. கருவியில் எண்பதை எழுபதாக்கினேன்.

"டேய், அந்தச் சானல் காலியாகுமா ஆகாதா? உன் செல்லுங்க வரிசையில நிக்குது."

"இன்னும் ஓடுது சார்."

"என்னடா ஓட்டம் அது? எங்க வீட்டு ஃபேன் மாதிரி."

எழுபதை நெருங்கியபோது அறுபதாக்கப் போனேன். அங்கே ஏற்கெனவே ஐம்பது என்று இருந்தது. கடவுச்சொல் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இல்லை. இன்னொருவன் நான்.

ஐம்பதை அப்படியே விட்டுவிட்டேன். சாரும் சத்தம் போடுவதைக் குறைக்கவில்லை.

ஐம்பதும் வந்தது, செல் நின்றது. ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு சாரே பிரித்தார். என்னைத் தொட விடவில்லை. சோடியத் தகடு அரித்துக் கறுத்துக் கிடந்தது. கரி பூசிய இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு துணுக்குகூட உதிரவில்லை.

"செத்தது சோடியம்டா. இவ கரி இல்ல."

வெகுநேரம் அவர் கையை வெளியே எடுக்கவில்லை. கையை எடுக்காமல் கண்ணைத் துடைக்க முடியாது. அந்தப் பெட்டியில் உள்ள ஒரே குறை அது.

பிறகு அதே கரிக்கு எதிரே புதுத் தகடு வைத்து மூடினார். மறுநாள் ஏழாவது சானலில் கோடு பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது.

"எண்பதுன்னே மாத்திடுடா."

"மாத்திட்டேன். சார், நீங்க தோத்துட்டீங்க."

"தெரியுதுடா," என்றார் அவர், திரையைப் பார்த்தபடி. "அதை யார்கிட்டடா போய் ஒத்துக்கிறது?"