நாலு விரல் மடிப்பு

அந்தத் தையல்காரி தைக்கும் கவுனுக்குள் இன்னொரு கவுன் ஒளிந்திருக்கும் என்று தெருவில் எல்லோரும் கேலி செய்வார்கள். கேலியில் பாதி உண்மைதான். குழந்தைகளுக்கு எது தைத்தாலும் அடியில் நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத்தான் தைப்பாள். பக்கத் தையலில் இரண்டு விரல் விடுவாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். கச்சிதமாகத் தைத்துக் கொடு என்று யாராவது வந்து நின்றால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "பொம்மைக்குத்தாங்க அளவா தைக்கணும், பிள்ளைக்கு இல்ல" என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே தொளதொளவென்று ஒன்றை வாங்கிப் போவார்கள்.

பஸ் ஓட்டும் அவளுடைய கணவனுக்கு இது நல்ல விளையாட்டு. "ஏம்மா, என் சட்டையிலயும் உள்ள துணி விட்டிருக்கியே, நானும் வளருவேனா?" என்பான். "வயிறு வளருதே, அது பத்தாதா?" என்று இவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்.

பெண்கள் இரண்டு பேர். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஒன்பது. சின்னவளைப் பொடிசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது. பெரியவள் மிஷினுக்கு அடியிலேயே வளர்ந்தவள். தவழும் வயதில் வெட்டுத்துணிக் குவியலில் தூங்கினாள். ஆறு வயதில் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தே கைத்தையலா மிஷின் தையலா என்று சொன்னாள். மற்றப் பிள்ளைகள் புதுத்துணி வந்தால் கண்ணாடியைப் பார்த்து ஓடும். இவள் துணியை உள்பக்கமாகத் திருப்பி, மடிப்பின் மேல் விரல்களை வைத்து அளப்பாள். "நாலு விரல். ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்று ஏதோ பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டுவாள். அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே தையல்காரி வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

பத்து வயது முடிந்து ஒன்பதாம் மாதம் பெரியவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. பதினாலு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள். முடி கொட்டியது, முளைத்தது, மறுபடி கொட்டியது. அதுவரை பிள்ளைத் துணியைப் பிரித்துவிட்டே பழகிய தையல்காரி, மெலிந்துகொண்டே வந்த பெரியவளின் பக்கத் தையலை மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே பிடித்துக்கொண்டே போனாள். இதற்குள் பொடிசு அக்காவைவிட உயரமாகிவிட்டாள். ஆனாலும் பெயர் மாறவில்லை.

கடைசியில் ஒரு நாள் டாக்டர் புருஷனையும் பெண்டாட்டியையும் மட்டும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இனிமே மருந்தால ஆகப்போறது ஒண்ணும் இல்லைங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம பாத்துக்க மாத்திரை தரேன். சில வாரம் இருக்கும்" என்றார். நல்ல மனுஷர்தான். சொல்லிவிட்டு அவரும் தரையைத்தான் பார்த்தார்.

வெளியே படிக்கட்டில் கணவன் கைப்பிடியை விடாமல் நின்றான். "அவகிட்ட சொல்ல வேண்டாம். தெரியாமலே, சந்தோஷமா இருக்கட்டும்" என்றான். தையல்காரிக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பெண்ணுக்குத் தெரியக் கூடாது. தான் சாகப்போகிறோம் என்ற பயத்தோடு அந்தக் குழந்தை ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது.

"மருந்து முடிஞ்சிடுச்சு கண்ணு. இனி உடம்பு தானா தேறிடும். முடி வளந்ததும் ஸ்கூலுக்குப் போகலாம்" என்று சொன்னாள். பெண் சரி என்றாள். அதற்கப்புறம் தையல்காரி பெண் முன்னால் அழவில்லை. பின்னால் போயும் அழவில்லை, வீட்டுச் சுவர்கள் அவ்வளவு மெல்லிசு. அழுகை வந்தால் மிஷினில் உட்கார்ந்து வேகமாக மிதிப்பாள். அந்த வாரங்களில் தெருவில் பாதி வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துத் தீர்த்திருப்பாள்.

பிறந்தநாளுக்கு இருபது நாள் இருந்தபோது பெரியவள், "அம்மா, பன்னெண்டுக்கு எனக்குப் புது கவுன் வேணும். மஞ்சள்ல" என்றாள். தையல்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதுத்துணி கேட்கிறாள் என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கே கடைக்கு ஓடி, பழக்க தோஷத்தில் நாலு மீட்டர் கேட்டு, வெண்ணெய் மாதிரி மெத்தென்ற மஞ்சள் காட்டனை வாங்கி வந்தாள். அந்த உடம்புக்கு இரண்டு மீட்டரே அதிகம்.

படுத்தபடியே அளவெடுத்தாள். டேப் இடுப்பைச் சுற்றிச் சீக்கிரமாக வந்துவிட்டது. "எழுதிக்கலையாம்மா?" என்றாள் பெண். "மனசுல இருக்கு" என்றாள் அம்மா. எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அந்தக் குழந்தையின் தோல் அப்போது அப்படி இருந்தது. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் முதுகில் சிவப்பாகக் கோடு விழும். விலா எலும்பில் தடித்த தையல் உரசினால் புண்ணாகிவிடும். ஆகவே தையல்காரி தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தாள். உள்ளே எங்கும் துணி விடவில்லை. பக்கத் தையலை ஒட்ட வெட்டித் தட்டையாகப் படிய வைத்தாள். அடி ஓரத்தைக் கைக்குட்டை ஓரம் மாதிரி மெல்லிசாக உருட்டிக் கையாலேயே தைத்தாள். முடிச்சுகள் தோலில் படாமல் இருக்க எல்லாவற்றையும் வெளிப்பக்கம் போட்டு, அவற்றின் மேல் சின்னச் சின்னத் துணிப்பூ வைத்து மறைத்தாள். இருபது வருஷத்தில் இவ்வளவு நல்ல வேலை அவள் கையிலிருந்து வந்ததில்லை. தைத்து முடித்தபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு போட்டுப் பார்த்தார்கள். தோளில் ஒரு சுருக்கம் இல்லை, கையில் ஒரு இழுப்பு இல்லை. அப்பா "யாருங்க இது, எங்க வீட்டுப் பொண்ணா?" என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்த்தான். பொடிசு, "அக்கா, இதுதாங்கா உனக்குக் கரெக்டா இருக்கு" என்றாள். கரெக்டாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.

கழற்றி வைத்தபின் தையல்காரி தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பெண் கட்டிலில் சாய்ந்து, கவுனை உள்பக்கமாகத் திருப்பி மடியில் போட்டிருந்தாள். விரல்கள் அடி ஓரத்தைத் தடவிக்கொண்டே போயின. ஒரு முழுச் சுற்று போய்விட்டு, நம்பாமல் இன்னொரு சுற்றும் போயின.

"அம்மா, உள்ள ஒண்ணுமே விடலையே."

தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. "உனக்கு உரசும்னுதான் கண்ணு. தோல் புண்ணாகும்ல?"

அது சத்தியமான வார்த்தை. ஆனால் கேட்பது யார்? மிஷினடியில் வளர்ந்தவள்.

"உரசும்னா உள்ள மெல்லிசா லைனிங் துணி குடுப்பியே. அப்பாவுக்குத் தோள்ல கட்டி வந்தப்போ அப்படித்தானே தைச்ச."

"துணி... துணி பத்தல கண்ணு."

பெண் அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டில் மிச்ச மஞ்சள் துணி மடித்து வைத்தது வைத்தபடி இருந்தது. கவுனை நேராகத் திருப்பி, அழகாக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சமையலறையில் போய் நின்ற தையல்காரி தன் கைகளையே பார்த்தாள். லைனிங் கொடுத்திருக்கலாம். மடிப்பும் இருந்திருக்கும், தோலும் தப்பித்திருக்கும். தையலில் நேற்று காலெடுத்து வைத்தவளுக்குக்கூடத் தோன்றுகிற விஷயம். தனக்கு ஏன் தோன்றவில்லை? வாய் ஸ்கூலுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருக்க, கை மட்டும் டாக்டர் சொன்னதை நம்பிவிட்டதா? அந்தக் கையை அடுப்பில் வைக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் பெரியவள் சரியாகப் பேசவில்லை. கேட்டால் ம் என்பாள். கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பாள். "வலிக்குது போல இருக்கு" என்றான் கணவன். தையல்காரி அவனிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல எங்கே ஆரம்பிப்பது?

மூன்றாம் நாள் மத்தியானம் பெண் தூங்கும் நேரத்தில் கவுனை எடுத்து ஓரத்தைப் பிரித்தாள். மிச்சத் துணியிலிருந்து பட்டையாக ஒன்றை வெட்டி, அடியில் கொடுத்து, உள்ளே மடித்துத் தைத்தாள். கண்ணில் நீர் முட்டியதில் அளவு பார்க்கவில்லை. தைத்ததும் தேய்த்து, கட்டிலருகே கொண்டுபோனாள். பெண் விழித்திருந்தாள்.

"இங்க பாரு கண்ணு, அம்மா மறந்தே போயிட்டேன். இப்ப உள்ள விட்டுத் தைச்சாச்சு."

பெண் கவுனை வாங்கித் திருப்பினாள். விரல்களை வைத்தாள். நாலு போதவில்லை, இன்னும் இரண்டு வைத்தாள். பிறகு நகத்தால் ஒட்டுத் தையலைக் கீறிக் காட்டினாள்.

"ஆறு விரல். இவ்ளோ வளந்தா நிலைப்படியில தலைய இடிச்சுக்குவேன்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது.

"உனக்குத் துணியில பொய் சொல்லவே வரலம்மா" என்றாள். அப்புறம், கூரையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஸ்கூலுக்குப் போவேனா?" என்று கேட்டாள்.

போவே என்ற வார்த்தை தையல்காரியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இத்தனை நாளாக எத்தனை தடவை சொன்ன வார்த்தை. அன்றைக்கு அது வரவில்லை.

"இல்லடா கண்ணு" என்றாள்.

சொல்லிவிட்டுக் கட்டிலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பதினாலு மாதத்து அழுகை. சுவருக்கு அந்தப்பக்கம் கேட்குமே என்ற நினைப்பெல்லாம் போய்விட்டது. பெண்ணின் கை மெதுவாக வந்து அவள் தலைமேல் விழுந்தது. எடையே இல்லாத கை.

"இத்தனை நாள் நீ அழவே இல்லல்ல," என்றாள் பெண், "எனக்காக அழக்கூட மாட்டியோன்னு நினைச்சேன்மா."

இந்தக் குழந்தை இத்தனை நாளும் அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தனியாகவா படுத்திருந்தது? பயப்படக் கூடாது என்று நினைத்து அவளைத் தனியாக விட்டுவிட்டோமே என்று நெஞ்சு வெடித்தது. கட்டிலில் ஏறிப் பக்கத்தில் படுத்து அவளை அணைத்துக்கொண்டாள். பெண்ணும் அழுதாள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். எனக்கும்தான் என்றாள் அம்மா.

வெகுநேரம் கழித்துப் பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "மிச்சத் துணி எவ்ளோ இருக்கு?"

"ரெண்டு மீட்டர் வரும்."

"பொடிசுக்கும் ஒண்ணு தைச்சுடும்மா. என்னோடது அவளுக்குப் பத்தாது. பிறந்தநாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டுக்கறோம். என்னோடதுல அந்த ஒட்டைப் பிரிச்சுடு, கனக்குது."

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பொடிசைப் பையைக்கூடக் கீழே வைக்க விடாமல் அளவெடுத்தார்கள். ஒரு இடத்தில் நிற்கிற பிள்ளையா அது? கூசுகிறது என்று நெளிந்தாள், தனக்கு எதற்குப் புதுத்துணி, பிறந்தநாள் அக்காவுக்குத்தானே என்று நூறு கேள்வி கேட்டாள். தையல்காரி துணியைப் பெரியவளின் கால்மேல் கட்டில் முழுக்க விரித்து, சாக்பீஸால் நீளத்தைக் குறித்தாள். கோடு போடும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"நாலு பத்தாதும்மா" என்றாள் பெரியவள். "இவ நெட்டைக் கொக்கு. எட்டு விடு."

"எட்டா? ஐயோ, நடக்கும்போது தடுக்கும்கா!"

"வளந்தா சரியாயிடும்டி."

தையல்காரி எட்டு விரல் தள்ளிக் கோடு போட்டாள். கத்தரியை எடுத்தாள். கண்ணில் நீர் நிறைந்து கோடு தெரியவில்லை. பெரியவள் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து, துணியின் மறுமுனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ம், வெட்டும்மா" என்றாள்.