2417-ஆம் கோப்பு

மாலை ஐந்து அடித்தால் பாகீரதி டெலிபோனை எடுப்பாள். ஸ்டோர்ஸ், டைம் ஆபீஸ், விற்பனைப் பிரிவு என்று மூன்று இடங்களில் மூன்று திரைகள். மூன்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியேறினால்தான் அவள் டேப்பை ஓடவிட முடியும். அன்றைக்கு மில்லில் நடந்ததையெல்லாம் டேப்பில் நகல் எடுத்து வைப்பது அவள் பொறுப்பு. நாளைக்கே மிஷின் படுத்துக்கொண்டாலும் டேப் கை கொடுக்கும் என்பார் ஆபீஸ் மானேஜர் கைலாசநாதன்.

"ஸ்டோர்ஸா? முத்திருளன் அண்ணே, வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு தாயி. செருப்பு மாட்டியாச்சு, சோத்துப் பை தோள்ல ஏறியாச்சு. இனி நீங்களாச்சு, உங்க மிஷினாச்சு."

டைம் ஆபீஸும் விற்பனையும் இதே மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போனை வைக்கும். பிறகு அவள் கமாண்டை அடிப்பாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டேப் தட்டு சுழலத் தொடங்கும். முடிய முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். அதுவரை அறையை விட்டு நகரக் கூடாது. வெளியே பசுமலை வெயில் சுவரை உடைக்கிற மாதிரி அடிக்கும், உள்ளே ஏ.சி. விறைக்கும். ஏப்ரல் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் ஒரே பெண்பிள்ளை என்று மில்லில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு.

அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில்தான் அவள் எழுதுவாள்.

எண்பத்தாறில் மிஷின் வந்த கொஞ்ச நாளிலேயே அது தொடங்கிவிட்டது. அதற்கு முன் வீட்டில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். தெற்கு மாசி வீதியில் மாடி வீடு. அண்ணன், மதினி ஸ்யாமளா, மூன்று பிள்ளைகள், இவள். ஒரே கூடம். எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டேயிருப்பார்கள். நாற்பதை நெருங்குகிற, கல்யாணமாகாத அத்தையிடம் மட்டும், "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் ரேஷன் கார்டைத் தேடப் போன ஸ்யாமளாவின் கையில் நோட்டு அகப்பட்டது. அவள் கெட்டவள் இல்லை. படித்துவிட்டு, கீழ்வீட்டு விஜயத்திடம், "பாகீ எழுதியிருக்கிறதப் பார்த்தா பாவமா இருக்குதுக்கா" என்றாள். மாடிப்படியில் வந்துகொண்டிருந்த பாகீரதி அதைக் கேட்டாள். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மறுநாள் காலையில் நோட்டு வெந்நீர் அடுப்புக்குள் போயிற்று.

மிஷினில் தமிழ் எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்துகளைக் கொண்டே தமிழை அடிக்கப் பழகிக்கொண்டாள். பெரிய விஷயங்கள் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஒரு குழந்தை தூக்கத்தில் தன் தோளில் சாய்ந்தது. கான்டீன்காரர் கேட்காமலே ரசம் ஊற்றினது. எழுதி முடித்ததும் டேப்பும் முடிந்திருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பாள்.

எண்பத்தெட்டு ஜூலையில் மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் மிஷினுக்குப் புது புரோகிராம் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலையே, டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது, அருகிலிருந்த பிரிண்டர் இங்கிலீஷில் ஒரு வரியைக் கக்கியது. எச்சரிக்கை: 2417-ஆம் எண் கோப்பு, படிக்கும்போதே மாறிவிட்டது. டேப் நிற்கவில்லை. வழக்கம்போல் ஓடி முடிந்தது.

அந்தத் தாளைக் கோந்து போட்டு ஒரு நீளமான ரிஜிஸ்தரில் ஒட்டிவைக்க வேண்டும். காலையில் கைலாசநாதன் கையெழுத்துப் போடுவார். அதில் உள்ளது அவருக்குப் புரியாது. ஆனால் எச்சரிக்கை என்ற ஒரு சொல் புரிந்தது. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் 'விளக்கம்?' என்று எழுதினார்.

மூன்று நாளில் செய்தி ஸ்டோர்ஸ் வரைக்கும் போய்விட்டது.

"என்ன தாயி, மிஷினே உங்களுக்கு மெமோ குடுத்திருச்சாம்ல?" என்றார் முத்திருளன். "எங்களுக்கு முதலாளி குடுப்பாரு. நீங்க படிச்சவுக, உங்களுக்கு மிஷின் குடுக்குது."

"சும்மா இருங்கண்ணே. நீங்க நெசமா வெளிய வந்துட்டுத்தான் போறீங்களா? இல்ல, திரைய அப்படியே விட்டுட்டுப் போறீங்களா?"

"அட, எங்க குலசாமி சத்தியமா. வேணா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தாள். அவர் சொன்னது நிஜம். டேப் ஓடும் பாதையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். உறை பிரிக்காத புது டேப்பைப் போட்டாள். மூன்று இடங்களுக்கும் இரண்டு இரண்டு தடவை போன் செய்தாள். எல்லாத் திரைகளும் அணைந்த பிறகும் தினமும் அதே வரி, அதே எண். எல்லாரும் வெளியேறின பிறகு ஒரு கோப்பை யார் மாற்றுகிறார்கள்? யாரோ திருட்டுத்தனமாக உள்ளே வருகிறார்கள் என்றே முடிவு கட்டினாள். கைலாசநாதனிடமும் அப்படியே சொன்னாள். அவர் அன்றே மெட்ராசுக்கு டிரங்கால் போட்டார். வியாழக்கிழமை இன்ஜினீயர் வருவதாக ஆயிற்று.

புதன்கிழமை மத்தியானம் மிஷினோடு வந்த தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோப்புகளுக்குப் பெயர் வைப்பது மனிதர்களின் சௌகரியத்துக்காக என்றும், மிஷினுக்கு எண்தான் தெரியும் என்றும் அதில் போட்டிருந்தது. எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்க ஒரு வழி இருந்தது. கேட்டாள். மிஷின் கொஞ்சநேரம் தேடிவிட்டு ஒரு பெயரைக் காட்டியது.

அது அவளுடைய கோப்பு.

கொஞ்சநேரம் அவளுக்கு விளங்கவேயில்லை. பிறகு புரிந்தது. டேப் அந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். பழைய புரோகிராம் அதைக் கண்டும் காணாமல் இருந்தது. புதுசு சொல்லிவிட்டது. இரண்டு வருஷமாக ஸ்டோர்ஸை வெளியேற்றினாள், டைம் ஆபீஸை வெளியேற்றினாள், விற்பனையை வெளியேற்றினாள். எல்லாரும் போயாச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளும்போது, நாலாவது திரையின் முன் உட்கார்ந்திருக்கும் தன்னை அவள் ஒரு ஆளாகச் சேர்த்ததே இல்லை.

இன்ஜினீயர் வந்தால் அவள் கண்டுபிடித்ததை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பான். கோப்பைத் திறப்பான். படிப்பான். கைலாசநாதனுக்குச் சொல்வான். அப்புறம் மில் முழுக்க ஒரே சொல்தான்: பாவம்.

அழித்துவிடலாம். அன்று மாலை டேப் ஓடி முடிந்த பிறகு அதற்கான கமாண்டை அடித்தாள். நிச்சயமாகவா என்று மிஷின் கேட்டது. அப்போதுதான் மாதக் கடைசி டேப்களின் நினைவு வந்தது. அவற்றைக் கைலாசநாதன் மஞ்சள் பையில் போட்டு முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவார். தீ கீ பிடித்தால் மில்லோடு போய்விடக் கூடாது என்பதற்காக. அங்கே பூஜை அறை பீரோவில் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அவை இருக்கும். ஒவ்வொன்றிலும் அவள் இருந்தாள். இங்கே அழித்தாலும் அங்கே இருக்கும். ஆனால் அவள் கையை நிறுத்தியது அதுவல்ல என்பது அவளுக்கே தெரிந்தது. இதுவும் போய்விட்டால், இந்த இரண்டு வருஷம் அவள் இருந்தாள் என்பதற்கு வருகைப் பதிவேட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

வேண்டாம் என்று அடித்துவிட்டு எழுந்தாள். அன்றைக்கு அவள் எழுதவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை.

இன்ஜினீயர் பேச்சிமுத்து வியாழன் காலை வந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், இப்போது மெட்ராஸ்வாசி. கைலாசநாதன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து வார்னிங் வரலையே மேடம்?"

"வரல சார்."

"அப்ப செவ்வாக்கிழமை டேப்ப எடுங்க. அந்த ஃபைல மட்டும் டேப்ல இருந்து எடுத்து அடிச்சுப் பார்ப்போம். எங்க கெட்டிருக்குன்னு தெரிஞ்சா போதும், அம்புட்டுத்தான்."

அவள் டேப்பை எடுத்துக் கொடுத்தாள். பிரிண்டர் தடதடவென்று அடித்துத் தள்ளியது. தாள் மடிந்து மடிந்து கீழே இறங்கியது. பேச்சிமுத்து எழுவதற்குள் கைலாசநாதன் அதைக் கிழித்து மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்தார். அவர் நாலு வரி இங்கிலீஷில் மெமோ எழுதினால் மில்லே நடுங்கும். தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை.

"பார்த்தியாப்பா! எழுத்து எல்லாம் கலைஞ்சு போச்சு. ஒண்ணுகூட ஸ்பெல்லிங்கே இல்ல. இதான் ரிப்பேர். சுத்தக் குப்பை."

பேச்சிமுத்து எட்டிப் பார்த்தான். அவன் உதடு லேசாக அசைந்து நின்றது. பாகீரதியைப் பார்த்தான். படித்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"குப்பைய வச்சுக்கிட்டு என்ன பண்றது? அழிச்சுடு," என்றார் கைலாசநாதன். "டேப்பும் மிச்சம்."

பேச்சிமுத்துவின் கை கீபோர்டின் மேல் இருந்தது. அவன் அடிக்கவில்லை. அவளுக்காகக் காத்திருந்தான். பேசாமல் இருந்தால் போதும். குப்பை என்றே முடிந்துவிடும், மானமும் தப்பும். எத்தனையோ இடங்களில் அப்படிப் பேசாமல் இருந்து தப்பித்திருக்கிறாள்.

"குப்பை இல்ல சார்," என்றாள். "தமிழ். நான் எழுதினது."

"என்னது?"

"இங்கிலீஷ் எழுத்துல தமிழ் சார். வாய்விட்டுப் படிச்சா வரும்."

அதை ஏன் சொன்னாள் என்று பின்னால் எவ்வளவோ யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. கைலாசநாதன் நம்பிக்கையில்லாமல் தாளைத் திரும்பத் தூக்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி, விரலை வைத்து ஒவ்வொன்றாக உச்சரித்தார்.

"மா... னே... ஜர்... மானேஜர் சாருக்கு... இன்... னைக்கும்... தலைவலி. மூணா... மூணாவது நாள். என் பை... யில... மாத்திரை இருந்துச்சு. குடுக்கல. குடுத்தா... என்ன நெனப்பாரோ..."

நிறுத்திவிட்டார். பேச்சிமுத்து எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்துகொண்டான்.

கைலாசநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு தாளை இரண்டாக, நாலாக மடித்தார். பதினொரு வருஷமாக அவளுக்கு நேர் எதிர் அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் ஏதாவது கேட்பார் என்று நினைத்தாள். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

"அது அன்னைக்கே சரியாப் போச்சு," என்றார் அவர், தாளைப் பார்த்தபடியே. அப்புறம் அதை அவள் மேஜையில் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, இது இருந்தா மிஷினுக்கு ஏதும் கெடுதலா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். டேப் முடிஞ்சப்புறம் எழுதினா போதும். வார்னிங் வராது."

"அப்ப சரி."

ரிஜிஸ்தரை வாங்கி, சிவப்பு மையில் எழுதினார்: 'காரணம் தெரிந்தது. ஆபரேட்டரின் சொந்தக் குறிப்பு. இனி 5.35-க்கு மேல் மட்டும்.' கையெழுத்துப் போட்டார். எழுந்து போனார். கதவருகே செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சிமுத்து பெட்டியை மூடிக்கொண்டு, "வாரேன் மேடம்," என்றான். இன்னும் ஏதோ சொல்லப் போகிறவன்போல் நின்றான். "மேலூர்ல ஒரு மிஷின் பார்க்கணும். பஸ் போயிரும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலை பாகீரதி மூன்று போன்களும் செய்தாள். பிறகு தன் திரையிலிருந்தும் வெளியேறினாள். கமாண்டை அடித்துவிட்டு முப்பத்தைந்து நிமிஷம் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டேப் சுத்தமாக முடிந்தது. இனி எழுதலாம்; அனுமதியே இருக்கிறது. திரையைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. பஸ் போய்விட்டிருந்தது.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மடித்த தாளைப் பிரித்தாள். இரண்டு வருஷத்தில் தான் எழுதினதை அவள் திரும்பிப் படித்ததே இல்லை. ஏனோ தானோ என்றுதான் கண்ணை ஓட்டினாள். குழந்தை தோளில் சாய்ந்தது, தெரியுமா. கேட்காமலே ரசம் ஊற்றினார், தெரியுமா. தாளில் இருந்த ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அப்படித்தான் முடிந்திருந்தது. தனக்குத்தானே எழுதிக்கொள்வதாக அல்லவா நினைத்திருந்தாள்? தனக்குத் தெரிந்ததைத் தன்னிடமே தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? யாரோ ஒருவரிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த ஆளுக்கு முகம் மட்டும் இல்லை.

வீடு சேரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நிமிரவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுக்களை வாசலுக்குப் போனாள். ஸ்யாமளா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாகீ, இன்னைக்கு லேட்டு?"

"ஆபீஸ்ல ஒண்ணு நடந்துச்சு மதினி." பையைத் தரையில் வைத்தாள். "தெரியுமா?"

"அந்த உப்பு ஜாடிய இப்படி எடு."

பாகீரதி எடுத்துக் கொடுத்தாள். வழக்கமாக அத்தோடு நகர்ந்துவிடுவாள். இன்று நகரவில்லை. ஸ்யாமளா உப்பைப் போட்டு, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, தட்டால் மூடிவிட்டுத் திரும்புகிற வரைக்கும் வாசல் நிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.